கோபத்துக்குப் பொறுப்பேற்போம்



தில்லியில், உச்ச நீதிமன்றம் 1989 மார்ச் 30 அன்று ஒரு தமிழ்ப் படத்துக்காகத் தீர்ப்பளித்தது. படம், 'ஒரே ஒரு கிராமத்திலே'. ஏழை பிராமணப் பெண் ஒருத்தி பொய்ச் சாதிச் சான்றிதழ் வாங்கி, கருப்பாயி என்ற பெயரில் படித்து, ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆகிறாள். சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டைச் சாடி, ஏழ்மையே அளவுகோலாக வேண்டும் என்கிறது படம். சென்னை உயர் நீதிமன்றம் அதன் 'யு' சான்றிதழை ரத்து செய்தது; படம் ஓடினால் கலவரம் வெடிக்கும் என்றது தமிழக அரசு. உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. மிரட்டலுக்குப் பணிந்து கருத்தை ஒடுக்க முடியாது, கருத்துரிமையைக் காப்பதுதான் அரசின் கடமை என்றது. தொட்டால் சிணுங்கும் மனத்தை வைத்தல்ல, நிதானமுள்ள சாதாரண மனிதரை வைத்தே படத்தை அளக்க வேண்டும் என்றும் சொன்னது.

அந்தப் படத்தின் வாதம் எனக்கு உடன்பாடில்லை. தீண்டாமை ஏழ்மையைப் பார்த்து வரவில்லை, சாதியைப் பார்த்து வந்தது. ஆனாலும் தீர்ப்பு சரி என்பேன். ஒரே காட்சிக்கு ஒருவர் கொதிக்கிறார், பக்கத்து இருக்கைக்காரர் கைதட்டுகிறார். அப்படியானால் அந்தக் கொதிப்பில் நம் நம்பிக்கைக்கும் நம் காயத்துக்கும் பங்கு உண்டு. "என் மனம் புண்பட்டது" என்பது என்னைப் பற்றிய செய்தி. எதிராளி சொன்னது தவறு என்பதற்கு அது சான்றாகாது.

காலங்காலமாக மிதிபட்டவர்களிடம் போய் இதைச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்களுடைய கோபத்துக்குள் ஒரு வரலாறே இருக்கிறது. அதை விழுங்கச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. பொறுப்பேற்பது என்றால், ஏன் கோபம் என்பதை விளக்கிச் சொல்வது; எதிரே இருப்பவரின் வாயை அடைப்பதல்ல. வாயடைக்கும் ஆயுதம் பெரும்பாலும் பலசாலியின் கையில்தான் போய்ச் சேருகிறது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலால் புண்பட்டோம் என்று திருச்செங்கோட்டில் கடையடைத்தவர்கள் கூட்டம். எதிரே நின்றவர் ஒற்றை எழுத்தாளர். 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரையே எழுத வைத்தார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் நாவலின் பக்கம் நின்ற பிறகுதான் அவர் எழுத்துக்குத் திரும்பினார். வன்முறையை நேரடியாகத் தூண்டும் பேச்சு வேறு. அதற்குச் சட்டம் இருக்கிறது, அது தன் வேலையைச் செய்யட்டும்.

இன்று பட்டம் பெறும் நீங்கள் நாளை நீதிபதியாகலாம், ஆசிரியராகலாம், அதிகாரியாகலாம். தடை கேட்டு ஒரு மனு உங்கள் மேசைக்கு வரும்; அதைவிட முக்கியம், அப்படி ஒரு மனுவை எழுத உங்கள் கையே துடிக்கும். அன்று எந்த வரி சுட்டது, அதற்கு உங்களிடம் உள்ள பதில் என்ன என்பதை முதலில் எழுதிப் பாருங்கள். அந்தப் பதிலை உங்கள் பெயரைப் போட்டு வெளியிடுங்கள்.