கண்காணிப்பவர் யாருக்குக் கணக்குச் சொல்கிறார்?

இடிந்தகரையிலிருந்தும் கூத்தங்குழியிலிருந்தும் பெருமணலிலிருந்தும் வந்திருக்கிற மீனவச் சொந்தங்களே, செட்டிகுளத்திலிருந்தும் வைராவிக்கிணற்றிலிருந்தும் வந்திருக்கிற தாய்மார்களே, கூடங்குளம் அணுமின் நிலையத்துக்குள் ஒப்பந்த வேலைக்குப் போய்வருகிற தம்பிமார்களே,

உலை வேண்டுமா, வேண்டாமா என்று பேச நான் இன்று வரவில்லை. அந்த வழக்கை இந்த மண் நடத்தியிருக்கிறது, இன்னும் நடத்தும். முதல் உலை 2013 அக்டோபரில் மின்தொகுப்போடு இணைந்தது. இரண்டாவது உலையும் ஓடுகிறது. 3, 4, 5, 6 என்று இன்னும் நான்கு எழும்பிக்கொண்டிருக்கின்றன. ஆதரிக்கிறவன் வீட்டுப் பிள்ளையும் எதிர்க்கிறவன் வீட்டுப் பிள்ளையும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறது. அதனால் இரண்டு பேரும் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "இந்த உலை பத்திரமாக இருக்கிறது, ஓட்டலாம்" என்று கையெழுத்துப் போடுகிறவர் யார்? அவர் யாருக்குக் கணக்குச் சொல்கிறார்?

வள்ளியூரில் ஒரு மினி பஸ் ஓட்ட வேண்டுமென்றால் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்க வேண்டும். பிரேக் பார்க்கிறார்கள், டயர் பார்க்கிறார்கள். பார்க்கிற மோட்டார் வாகன ஆய்வாளருக்கு பஸ் முதலாளி சம்பளம் கொடுப்பதில்லை, பதவி உயர்வும் கொடுப்பதில்லை. கொடுத்தால் அந்த எஃப்.சி.யை நம்பி நம் பிள்ளைகளை நாம் பஸ்ஸில் ஏற்றுவோமா?

அணு உலைக்கு எஃப்.சி. கொடுப்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். 1983 நவம்பர் 15-ஆம் தேதி, 1962-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் கீழ், ஓர் அரசாணை மூலம் அது பிறந்தது. நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு உண்டாக்கிய அமைப்பல்ல அது. அந்த வாரியம் கணக்குச் சொல்லிவந்த இடம் அணுசக்தி ஆணையம். அந்த ஆணையத்தின் தலைவர் யார்? அணுசக்தித் துறையின் செயலாளர். உலைகளைக் கட்டுகிற, ஓட்டுகிற இந்திய அணுமின் கழகம் யாருடையது? அதே துறையுடையது. கட்டுகிறவரும் கட்டியது சரியா என்று பார்க்கிறவரும் ஒரே நாற்காலியின் முன்னால் போய் நின்றார்கள், தோழர்களே. நாற்பது ஆண்டுக்கு மேல் நாட்டில் இதுதான் ஏற்பாடாக இருந்தது.

இதைச் சொன்னால், "விஞ்ஞானிகளைச் சந்தேகப்படுகிறாயா?" என்று கேட்கிறார்கள். விஞ்ஞானிகளை நான் சந்தேகப்படவில்லை. 1990-களில் அந்த வாரியத்தின் தலைவராக இருந்த டாக்டர் ஏ. கோபாலகிருஷ்ணன் விஞ்ஞானிதான். 1993 மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தின் நரோராவில் டர்பைன் பகுதி தீப்பிடித்து எரிந்து, உலையே மின்சாரமில்லாமல் இருளில் கிடந்தது. 1994 மே மாதம் கர்நாடகத்தின் கைகாவில், கட்டிக்கொண்டிருந்த உலையின் குவிமாடத்து கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. துறையின் நிலையங்களில் இருந்த குறைகளையெல்லாம் தொகுத்து அவர் காலத்தில் வாரியம் அறிக்கை தயாரித்தது. பதவியை விட்டு வந்த பிறகு, இந்த வாரியம் துறையின் பிடியில் இருக்கிறது என்று ஊர் உலகமறியச் சொன்னவரும் அவரே. உள்ளே உட்கார்ந்து பார்த்த மனிதரின் சாட்சி அது!

அப்புறம் என்ன நடந்தது? வாரியத்தின் கையை நீட்டினார்களா? குறைத்தார்கள். 2000-ஆம் ஆண்டில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நிலையங்கள் வாரியத்தின் மேற்பார்வையிலிருந்து எடுக்கப்பட்டன. மூன்றே ஆண்டில், நம்முடைய கல்பாக்கத்தில், அந்த மையத்தின் கீழிருந்த மறுசுத்திகரிப்பு ஆலையில், ஆறு தொழிலாளர்கள் ஒரு தொட்டியிலிருந்து கழிவு மாதிரி எடுக்கப் போனார்கள். தேதி 2003 ஜனவரி 21. கதிர்வீச்சு குறைந்த கழிவு என்று நம்பித்தான் கையில் எடுத்தார்கள். ஒரு வால்வு பழுதாகி, கடுமையான கதிர்வீச்சுக் கழிவு அந்தத் தொட்டிக்குள் கசிந்து வந்திருந்தது. வால்வு கெட்டதைச் சொல்ல அங்கே கருவி இல்லை. அந்த இடத்தில் கதிர்வீச்சு ஏறிவிட்டது என்று அலற ஒரு மானிட்டர் இல்லை. ஆறு பேரும் அனுமதித்த அளவுக்கு மேல் வாங்கிக்கொண்டார்கள். துறை இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச அரை ஆண்டு ஆயிற்று. வெளி ஆள் ஒருவர் பட்டியல் போட்டுக்கொண்டு போய், "இந்த அறையில் மானிட்டர் எங்கே?" என்று கேட்டிருந்தால் அந்த ஆறு பேரின் உடம்பு தப்பியிருக்கும். மேற்பார்வை என்பது அந்த ஒரு கேள்விதான். கேட்க ஆள் இல்லாமல் செய்துவிட்டார்கள்.

2012-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் இந்த வாரியத்தைத் தணிக்கை செய்து நாடாளுமன்றத்தில் அறிக்கை வைத்தார். விதிகளை வகுக்கவோ திருத்தவோ வாரியத்துக்கு அதிகாரம் இல்லை என்றார். விதியை மீறினால் அன்று அதிகபட்ச அபராதம் எவ்வளவு தெரியுமா? 500 ரூபாய்! ஹெல்மெட் போடாமல் போனால் நம் பையனிடம் போலீஸ் வாங்குகிற தொகைக்கு அது ஈடாகுமா? நாட்டில் அன்று இருந்த 57,443 மருத்துவ எக்ஸ்-ரே நிலையங்களில் 52,173 வாரியத்தில் பதிவே இல்லாமல் இயங்கிக்கொண்டிருந்தன என்றும் அந்த அறிக்கை சொன்னது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. கால் முறிந்தவர் படம் எடுத்துக்கொள்ளும் இயந்திரத்தைக் கூடக் கணக்கில் கொண்டுவர முடியாத நிலையில், 1,000 மெகாவாட் உலையைக் கண்காணிக்கிற பொறுப்பும் அதே வாரியத்திடம் இருந்தது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவும் இதையே கண்டித்தது. வாரியத்துக்குப் பதிலாகத் தன்னாட்சி ஆணையம் ஒன்றை அமைக்க 2011-இல் கொண்டுவந்த மசோதா, 2014-இல் மக்களவை கலைந்தபோது காலாவதியாயிற்று. 2015-இல் சர்வதேச அணுசக்தி முகமையின் குழு வந்து பார்த்து, வாரியத்தின் சுதந்திரத்தைச் சட்டத்திலேயே எழுதுங்கள் என்று பரிந்துரைத்தது. பத்தாண்டு ஓடியது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் சாந்தி சட்டத்தை நிறைவேற்றியது. மசோதா அறிமுகமான வாரத்திலேயே இரு அவைகளும் முடித்துவிட்டன. நிலைக்குழு பார்க்கட்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டது எடுபடவில்லை. 1962 சட்டம் போயிற்று, 2010 அணு விபத்து இழப்பீட்டுச் சட்டமும் போயிற்று, அணுமின்சாரத்தில் தனியாருக்குக் கதவு திறந்தாயிற்று. அதே சட்டத்தில் ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்டத் தகுதியும் கிடைத்தது. "கேட்டது கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன?" என்று கேட்பார்கள்.

இன்னும் என்ன என்று சொல்லத்தான் நான் வந்தேன். சட்டத் தகுதி இருந்தும் வாரியம் வளையும். சாட்சிக்கு அமெரிக்காவைக் கூப்பிடுகிறேன்.

அங்கே, வளர்க்கிறவனும் காக்கிறவனும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்று 1974-லேயே சட்டம் போட்டுப் பிரித்துவிட்டார்கள். தனி ஒழுங்குமுறை ஆணையம், தனி அதிகாரம், உலகமே பாராட்டிய ஏற்பாடு. ஒஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில், டேவிஸ்-பெஸ் என்று ஓர் அணுமின் நிலையம். அதன் உலைக் கலத்தின் தலைமூடி ஆறு அங்குலத்துக்கு மேல் தடித்த எஃகு. அதே ரக உலைகளில் மூடியில் செருகிய குழாய்கள் விரிசல் விடுகின்றன என்று 2001-இல் ஆணையத்துக்குத் தெரிந்தது. டிசம்பர் 31-க்குள் நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்று உத்தரவு எழுதித் தயாராக வைத்திருந்தார்கள். நிறுவனம் அவகாசம் கேட்டது. நடுவில் நிறுத்தினால் நட்டம் என்றது. ஆணையம் உத்தரவை மடித்து வைத்துவிட்டு, பிப்ரவரி 16 வரை ஓட்டிக்கொள்ளச் சம்மதித்தது. நிறுத்திய பிறகு, மார்ச் மாதத்தில் குழாயைப் பழுதுபார்க்கப் போன தொழிலாளர்கள் மூடியில் ஒரு பள்ளத்தைக் கண்டார்கள். விரிசல் வழியாகக் கசிந்த போரிக் அமிலம் அந்த எஃகை முழுத் தடிப்புக்கும் தின்று தீர்த்திருந்தது. உள்ளே பூசியிருந்த துருப்பிடிக்காத எஃகுத் தகடு மட்டும் மிச்சம். அதன் தடிப்பு ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. நூற்றைம்பது மடங்கு காற்றழுத்தத்துக்கு நிகரான அழுத்தத்தை அந்தத் தகடுதான் தாங்கிக்கொண்டிருந்தது. 2000-லேயே எடுத்த புகைப்படத்தில் அந்த மூடியிலிருந்து செந்துரு வழிந்திருந்தது தெரிகிறது. இரண்டு ஆண்டு கழித்துத்தான் கண் திறந்தது. நிறுவனத்தின் பணக்கணக்கு ஆணையத்தின் முடிவைப் பாதித்தது என்று அந்த ஆணையத்தின் சொந்தக் கண்காணிப்பு அதிகாரியே பின்னர் அறிக்கை எழுதினார்.

எழுதினார் என்பதைக் கவனியுங்கள். அந்த அறிக்கை அச்சாகி வெளியே வந்தது. அதனால்தான் கடல் தாண்டி நம் ஊர் மேடையில் நான் அதைச் சொல்ல முடிகிறது. அவர்களுடைய ஆணையமும் தவறியது. ஆனால் தவறியதை எடுத்துக்காட்டக் காகிதம் இருந்தது. நம்மிடம் அது இருக்கிறதா?

ஜப்பானில் என்ன நடந்தது? ஒழுங்குமுறை முகமை, அணுமின்சாரத்தை வளர்க்கிற பொருளாதார அமைச்சகத்துக்குள்ளேயே இருந்தது. புகுஷிமா அணுமின் நிலையத்துக்குப் பதினைந்து மீட்டருக்கு மேல் சுனாமி வரலாம் என்று அதை ஓட்டிய மின் நிறுவனமே 2008-இல் கணக்குப் போட்டது. அதை முகமையிடம் சொன்னது 2011 மார்ச் 7-ஆம் தேதி. நான்கே நாளில் அலை வந்தது. நாடாளுமன்றம் அமைத்த குழு, இது மனிதர் உண்டாக்கிய பேரழிவு என்று 2012-இல் தீர்ப்புச் சொன்னது. பழைய முகமையைக் கலைத்துவிட்டுப் புதிய ஆணையம் அமைத்தார்கள். ஊர்கள் காலியான பிறகு.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். கூடங்குளத்து முதல் இரண்டு உலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி 1989-லேயே கொடுத்துவிட்டார்கள். பொது விசாரணை என்ற விதி வருவதற்கு முன்பே கொடுத்தாயிற்று, ஆகவே உங்களை யாரும் கேட்கவில்லை. 2012-இல் மத்தியத் தகவல் ஆணையம், இந்த உலைகளின் இட மதிப்பீட்டு அறிக்கையையும் பாதுகாப்பு ஆய்வறிக்கையையும் மக்களுக்குக் கொடு என்று உத்தரவிட்டது. பாதுகாப்பு அறிக்கையைக் கொடுக்காமலிருக்க அணுமின் கழகம் நீதிமன்றத்துக்குப் போனது. அதே ஆண்டு ஜூனில் நக்கனேரியில் அவசரகால ஒத்திகை நடத்தினார்கள். ஒரே ஒரு கிராமம்! 2013 ஏப்ரலில், முதல் உலையில் ஒரு வகை வால்வுகள் நான்கு சரியாக வேலை செய்யவில்லை என்று வாரியமே அறிவித்து, பாகங்களை மாற்றச் சொன்னது. அந்த வால்வுகளைச் சோதித்துப் பிடித்த பொறியாளர்களை நான் கைகூப்பி வணங்குகிறேன். அவர்களைப் போன்றவர்கள் உள்ளே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு பலம் வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும் பேசுகிறேன். 2019-இல் நிலையத்தின் கணினிக்குள் வைரஸ் புகுந்தது என்ற செய்தி வந்தபோது, முதலில் மறுப்பு வந்தது, மறுநாளே ஒப்புதல் வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் வாரியத்தின் குரல் நமக்குக் கேட்டிருக்க வேண்டாமா?

ஆகவே என்ன கேட்கிறோம்? வாரியத்தின் தலைவரையும் உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்கிற குழுவை அணுசக்தி ஆணையம் அமைக்கக் கூடாது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலிருந்தும், எதிர்க்கட்சியிலிருந்தும் ஆட்கள் அந்தக் குழுவில் உட்கார வேண்டும். வாரியம் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் முன்னால் வந்து நின்று பதில் சொல்ல வேண்டும். வாரியத்தின் பணம் துறையின் பெட்டியிலிருந்து வரக் கூடாது. கணக்குச் சரிபார்க்கப் பாபா மையத்தின் நிபுணரையே கூப்பிடுகிற நிலையும் மாற வேண்டும். வாரியத்துக்கென்று தனி ஆய்வுக்கூடமும் சொந்த நிபுணர் படையும் வேண்டும், அதற்குக் காசு செலவாகும், செலவாகட்டும்.

உரிமம் ஒரே நாளில் கிடைப்பதல்ல. இடத்துக்கு ஒப்புதல், கட்டுமானத்துக்கு ஒப்புதல், எரிபொருள் நிரப்ப ஒப்புதல், பிறகு படிப்படியாக மின் உற்பத்தியை ஏற்ற ஒப்புதல். அதன் பின் ஐந்து ஆண்டு வரையில் இயக்க உரிமம், பத்து ஆண்டுக்கு ஒரு முறை முழு மறு ஆய்வு. ஏணி நன்றாகத்தான் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் குழு கூடுகிறது, கேள்வி கேட்கிறது. அந்தக் கேள்விகளும் கழகம் கொடுத்த பதில்களும் உரிமம் கொடுப்பதற்கு முன்னாலேயே தமிழில் வெளிவர வேண்டும். குழுவில் ஒரு பொறியாளர் "எனக்கு உடன்பாடில்லை" என்று எழுதியிருந்தால் அந்தக் குறிப்பும் வெளிவர வேண்டும், எழுதியவரை இடமாற்றம் செய்யக் கூடாது. பாதுகாப்பு ரகசியம் என்பார்கள். காவலர் எங்கே நிற்கிறார், கதவுப் பூட்டு எப்படி என்பது ரகசியம், ஒப்புக்கொள்கிறேன். வால்வு பழுது எப்படி ரகசியமாகும்?

அமெரிக்காவில் ஒவ்வொரு நிலையத்திலும் குறைந்தது இரண்டு ஆய்வாளர்கள் அங்கேயே தங்கி வேலை பார்க்கிறார்கள். ஒரே நிலையத்தில் ஏழு ஆண்டுக்கு மேல் விடுவதில்லை, நட்பு வந்துவிடும் என்று. இங்கே வாரியத்தின் ஆய்வாளர் ஒருவர் இராதாபுரத்தில் அலுவலகம் போட்டு, மாதம் ஒரு நாள் வாசலைத் திறந்து வைத்து, ஒப்பந்தத் தொழிலாளி பெயர் சொல்லாமல் புகார் கொடுக்க வழி செய்ய வேண்டும். தம்பிமார்களே, உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் தெரிவது உங்களுக்குத்தான். அதைச் சொன்னால் மறுநாள் கேட் பாஸ் ரத்தாகாது என்ற உறுதியைச் சட்டம் தர வேண்டும். ஒத்திகையும் ஒரு கிராமத்தோடு நிற்கக் கூடாது. பதினாறு கிலோமீட்டர் வட்டத்தில் உள்ள ஒவ்வொரு ஊரும் எந்தச் சாலையில் போக வேண்டும், வண்டி எங்கே வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். கடலில் இருக்கிற வள்ளத்துக்கு யார் செய்தி சொல்வார்கள் என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

தனியார் உலை வருகிற காலம் இது. வாரியமும் கழகமும் அரசுத் துறைக்குள் சகோதரர்கள்போல் இருந்த காலத்திலேயே இவ்வளவு தயக்கம் என்றால், லாபக் கணக்கோடு வருகிற நிறுவனத்தின் வக்கீல் முன்னால் இந்த வாரியம் நிமிர்ந்து நிற்க வேண்டுமே! அதற்கான விதிகளை எழுத வேண்டிய நேரம் இது. முதல் தனியார் உலைக்கு ஒப்புதல் கொடுத்த பிறகு எழுதினால், அந்த நிறுவனத்துக்கு ஏற்றபடிதான் எழுதுவார்கள்.

மேடைக்கு இடது பக்கம், மேசையில் மனு இருக்கிறது. நான் சொன்னதெல்லாம் தமிழில் இரண்டு பக்கத்தில் அடித்து வைத்திருக்கிறோம். திருநெல்வேலி, கன்னியாகுமரி, தூத்துக்குடி நாடாளுமன்ற உறுப்பினர்கள் மூன்று பேருக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறோம், அடுத்த கூட்டத்தொடரில் பேசச் சொல்லி. முழுதும் படித்துப் பாருங்கள். சேர்க்க வேண்டியது இருந்தால் ஓரத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.