மக்கள்தொகை ஆய்வின் பொது வசதிகள்: செலவை ஏற்பது யார்?

திருமண வயது உயர்வதால் ஒரு மாவட்டத்தில் பிள்ளைப்பேறு எவ்வளவு குறைகிறது என்று கண்டறியப் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் முற்படுவதாகக் கொள்வோம். இரண்டாண்டுத் திட்டத்துக்கு நிதியும் கிடைக்கிறது. வினாப்பட்டியல் அச்சிடுவதற்கும், களப்பணியாளரின் பயணப்படிக்கும் அதில் இடமுண்டு. ஆனால் பழைய கணக்கெடுப்பு அறிக்கைகளைப் பேணும் நூலகம், கணிப்பொறி, மாதிரியை வகுத்துத் தரும் புள்ளியியலார், திரட்டிய விவரங்களைப் பத்தாண்டு கழித்தும் எடுத்துத் தரும் பொறுப்பாளர் ஆகியவற்றுக்கு அந்த நிதியில் இடமில்லை. இவை அனைவருக்கும் வேண்டியவை. அதனாலேயே எவர் கணக்கிலும் சேராதவை.

இந்தியா இத்தேவையை முன்னரே உணர்ந்த நாடு. 1956-ல் இந்திய அரசு, ஐக்கிய நாடுகள் அமைப்பு, சர் தோராப்ஜி டாட்டா அறக்கட்டளை ஆகியவை இணைந்து பம்பாயில் மக்கள்தொகைப் பயிற்சி, ஆய்வு மையத்தை நிறுவின. இன்றைய பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் அதன் வளர்ச்சியே. 1950-களின் இறுதியில் டில்லியிலும் கேரளத்திலும் தொடங்கிய மக்கள்தொகை ஆய்வு மையத் திட்டம், பின்னர் 18 மையங்களாக விரிந்தது. அவற்றுள் 12 பல்கலைக்கழகங்களிலும், தார்வாட், புணே, காந்திகிராமம் போன்ற இடங்களிலுள்ள ஆய்வு நிறுவனங்களில் மற்ற 6-ம் இடம்பெற்றன. மத்திய சுகாதார, குடும்ப நல அமைச்சகம் இவற்றின் செலவை மானியமாக ஏற்றது.

இதன் பயன் 1992-93-ல் வெளிப்பட்டது. முதலாவது தேசிய குடும்ப நல ஆய்வு 89,777 பெண்களைச் சந்தித்து விவரம் திரட்டியபோது, இம்மையங்கள் அதில் பங்காற்றின. தத்தம் மாநிலத்தின் மொழியையும் ஊர்களையும் அறிந்த ஆய்வாளர்கள் முன்னதாகவே பணியில் இருந்தனர். இத்தகையோரை ஓர் ஆய்வுக்கென அவசரமாக உருவாக்கிவிட முடியாது.

எனினும், மையம் இருப்பது வேறு, அதில் வசதி இருப்பது வேறு. மானியத்தின் பெரும்பகுதி ஊதியத்துக்கே போய்விட்டால் நூல்களும் கருவிகளும் பின்தள்ளப்படும். பணம் தருவது அமைச்சகம். இடம் தருவது பல்கலைக்கழகம். கெட்டுப்போன கருவியை மாற்றும் கடமை யாருடையது என்ற கேள்வி கோப்புகளிலேயே சுற்றிவரும். தேசிய சுகாதார இயக்கத்தின் செயல்திட்டங்களைக் களத்தில் கண்காணிக்கும் பணியும் மையங்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. அது பயனுள்ள பணியே. ஆனால் அலுவலர் கேட்கும் அறிக்கைக்குக் காலக்கெடு உண்டு. மாணவர் கேட்கும் பழைய விவரத்துக்கு அது இல்லை. எது காத்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

பழைய விவரங்களின் நிலை கவலைக்குரியது. துளை அட்டைகளிலும் காந்த நாடாக்களிலும் பதிந்தவற்றை உரிய காலத்தில் புதிய வடிவுக்கு மாற்றாவிடில், அட்டை இருக்கும், படிக்கும் பொறி இராது. ஆயிரக்கணக்கான தாய்மார்கள் தங்கள் வேலையை ஒதுக்கி வைத்துச் சொன்ன விடைகள் அவை. மறுபடி கேட்க இயலாதவை.

மற்றொன்று இரகசியம் காத்தல். 1948-ம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின்படி தனிமனிதரின் பதிவுகள் பிறர் பார்வைக்கு உரியவை அல்ல. ஆகவே பெயரும் அடையாளமும் நீக்கிய மாதிரி விவரங்களைக்கூடக் கட்டுப்பாடுள்ள ஓர் அறையில், பொறுப்பான ஒருவர் மேற்பார்வையில் பயன்படுத்துவதே முறை. துறைக்கு ஓர் அறை அமைப்பது வீண் செலவு. பொருளியல், சமூகவியல், புவியியல், மருத்துவம் ஆகிய துறைகளுக்கும் அருகிலுள்ள கல்லூரிகளுக்கும் சேர்த்து ஒன்று போதும்.

இதற்கு ஊதியத்தோடு கலவாத தனி நிதித்தலைப்பு வேண்டும். ஓராண்டுக்கென்றல்லாமல், ஐந்தாண்டுக்காவது உறுதி செய்யப்பட வேண்டும். அங்குப் பணிபுரியும் விவரப் பாதுகாவலர் நிரந்தரப் பதவியினராக இருத்தல் நலம். வெளிநிதி பெறும் ஆய்வுத் திட்டங்கள் ஒரு சிறு பங்கைப் பொது வசதிக்குச் செலுத்தலாம். மாணவரிடம் கட்டணம் கேட்கலாகாது.

2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாகக் கொள்ளும் என்று 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. 2011-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பான அதன் விவரங்கள் கணிப்பொறி வழியாகவே திரட்டப்பட உள்ளன. அவை பல்கலைக்கழகங்களின் வாயிலுக்கு வரும்போது ஏற்றுக்கொள்ளும் அறையும் ஆளும் இருக்க வேண்டுமானால், அவற்றுக்கான தொகை அதற்கு முந்தைய வரவு செலவுத் திட்டத்திலேயே இடம்பெற்றாக வேண்டும்.