கேமரா யார் கையில், பை யார் தோளில்?

(ஆயக்குடியில் நடக்கவிருக்கும் புகைப்பட இதழியல் பயிலரங்கிற்கான ஆயத்தக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அடுத்த மாதம் நீங்கள் இருபது பேரும் நான்கு குழுக்களாகப் பிரிந்து இந்த ஊரில் மூன்று நாட்கள் படம் எடுக்கப் போகிறீர்கள். கேமராவைக் கையாளக் கற்றுத்தர அனுபவமுள்ள புகைப்படக்காரர்கள் வருகிறார்கள். அந்த வேலை எனக்கு இல்லை. சாதி வன்முறைச் செய்திகளோடு தமிழ்ப் பத்திரிகைகளில் வந்த படங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து, கேமராவைத் தொடும் முன்பு ஒரு குழு தனக்குள் பேசி முடித்திருக்க வேண்டியவை எவை என்று சொல்லும்படி கேட்டார்கள்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தின்போது, சென்னை மாகாணத்தில் இருந்த ஹூப்பர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, எலும்பும் தோலுமாகக் கிடந்த மக்களைக் குழு குழுவாக உட்காரவைத்துப் படம் எடுத்தார். அந்தப் படங்கள் இன்றும் பஞ்சத்துக்குச் சாட்சியாக உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. அவற்றில் இருப்பவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அடுத்து வந்தவர் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன். மூக்கையும் மண்டையையும் அளந்தார், படமும் எடுத்தார். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவரது நூலில் மனிதர்கள் பெரும்பாலும் சாதியின் மாதிரிகளாகவே நிற்கிறார்கள். கேமரா நம் மண்ணுக்கு வந்த நாளிலிருந்து உழைக்கும் மக்கள் அதன் முன்னால்தான் நின்றிருக்கிறார்கள். அதன் பின்னால் நிற்க அவர்களுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அப்படிப் பின்னால் போய் நின்றவர்கள் நமக்கு மிக அருகிலேயே இருக்கிறார்கள். மதுரைக்காரரான எம். பழனிகுமார், மீன் விற்ற தன் தாயைப் படம் எடுத்தவர். மலக்குழி மரணங்களைப் பேசிய திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். பாரி இணையதளத்தின் புகைப்படக்காரராகப் பணியாற்றியவர்; தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கேமரா கற்றுக்கொடுக்கிறார். திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில் இருக்கும் வாடிப்பட்டியைச் சேர்ந்தவர் ஜெய்சிங் நாகேஸ்வரன். தலித் குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கிய பொன்னுத்தாயின் பேரன். கொரோனா ஊரடங்கில் ஊர் திரும்பி, சொந்த வீட்டையே படமாக்கினார். இவர்களுடைய படங்களைக் கட்டாயம் பார்த்துவிட்டு வாருங்கள். படத்தில் இருப்பவர்கள் கேமராவை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இப்போது பத்திரிகைப் படங்களுக்கு வருகிறேன். ஆய்வுக்காகப் பழைய இதழ்களைப் புரட்டும்போது ஒரே படம் திரும்பத் திரும்ப வருகிறது. மார்பில் அடித்துக்கொண்டு அழும் தாய், எரிந்த குடிசை, தெருமுனையில் போலீஸ் வேன். ஊரின் பெயரை மாற்றிப் போட்டால் படம் அப்படியே பொருந்தும். தாக்கப்பட்டவர்களின் தெருவுக்குள் நுழைந்த கேமரா, தாக்கியவர்களின் தெருவுக்குள் அநேகமாக நுழைவதே இல்லை. இதனால் வாசகர் மனதில் சாதி என்பது சேரியில் இருக்கும் ஒரு துயரமாகப் பதிகிறது. அது ஊர்த்தெருவில் இருக்கும் அதிகாரம் என்பது பதிவதில்லை.

நமக்குப் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். பழனியைச் சேர்ந்த கௌசல்யா படுகாயத்தோடு உயிர் பிழைத்தார். கண்காணிப்பு கேமராவில் எல்லாம் பதிவானது. நீதிமன்றத்தில் அந்தப் பதிவு ஒரு சான்று. அதே பதிவு தொலைக்காட்சியிலும் கைப்பேசிகளிலும் ஓயாமல் ஓடியபோது, காதலிக்கத் துணியும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது ஒரு மிரட்டலாகவும் போய்ச் சேர்ந்தது. எனவே ‘இது உண்மையா’ என்று கேட்பதோடு நம் வேலை முடியாது. இந்தப் படம் யாரிடம் போய் என்ன செய்யும் என்று கேட்ட பிறகே வெளியிட வேண்டும்.

சரி, ஏன் குழு? அமெரிக்காவில் 1988 முதல் எடி ஆடம்ஸ் பெயரில் ஒரு பயிலரங்கு நடக்கிறது. கட்டணம் கிடையாது. நூறு பேரைத் தேர்ந்தெடுத்துப் பத்துக் குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் வழிகாட்டும் புகைப்படக்காரரும் படத்தைத் தேர்வு செய்யும் ஆசிரியரும் உண்டு. ஏறக்குறைய இதே அமைப்பைத்தான் நாமும் பின்பற்றப் போகிறோம். நல்ல அமைப்புதான். ஆனால் நம் ஊரில் ‘வேலையைப் பிரித்துக்கொள்வோம்’ என்று சொன்ன உடனே சாதி வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே மேல்கீழாகப் பிரித்துவைத்திருக்கிறது என்று 1936இலேயே அம்பேத்கர் விளக்கிவிட்டார்.

ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவில் அது எப்படி நடக்கும் என்று பாருங்கள். சொந்தக் கேமரா வைத்திருப்பவர் படம் எடுப்பார். ஆங்கிலம் தெரிந்தவர் படக்குறிப்பு எழுதுவார். குரலை உயர்த்திப் பேசுகிறவர் தலைவராகிவிடுவார். கைப்பேசி மட்டும் வைத்திருப்பவர் பையைத் தூக்குவார், வண்டி ஓட்டுவார், டீ வாங்கி வருவார். காலனிக்குள் போக வேண்டும் என்றால் மட்டும், ‘தோழர், உங்க ஆளுங்கதானே, நீங்க பேசுனா விடுவாங்க’ என்று அவரை முன்னால் அனுப்புவார்கள். தோட்டக்காரரிடம் பேச வேறொருவர் போவார். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. அதனால்தான் இது யார் கண்ணிலும் படாமல் நடந்து முடிந்துவிடுகிறது.

ஆகவே முதல் ஏற்பாடு, சுழற்சி. இருக்கிற கேமராக்கள் எல்லாம் குழுவின் பொதுச் சொத்து. காலையில் படம் எடுத்தவர் மாலையில் குறிப்பெழுதுவார். நேற்று பை தூக்கியவர் இன்று தேர்வு மேசையில் உட்காருவார். காலனிக்கும் தோட்டத்துக்கும் யார் போவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். பெண் தோழர்கள் ‘பெண்களிடம் பேசுவதற்கு மட்டும்’ என்று ஒதுங்கிவிடக் கூடாது.

இரண்டாவது, தேர்வு மேசை. 1930களில் அமெரிக்க அரசுக்காகப் பஞ்சம் பிழைக்கப் போன விவசாயிகளைப் படம் எடுத்த பெரிய குழு ஒன்று இருந்தது. அதன் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர், தனக்கு வேண்டாத நெகட்டிவ்களில் ஓட்டை போட்டுவிடுவார். அந்தக் கறுப்பு வட்டத்தோடு அவை இன்றும் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. எந்தப் படம் உலகத்துக்குப் போகும் என்று முடிவு செய்கிறவரிடம்தான் அதிகாரம் இருக்கிறது. 1963இல் நியூயார்க்கில் கறுப்பினப் புகைப்படக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய கமோய்ங்கே பயிலரங்கு வேறு வழியைக் காட்டியது. சேர்ந்து இயங்கும் மக்கள் என்பது அந்த கிகுயு மொழிச் சொல்லின் பொருள். ஒருவர் எடுத்த படத்தை மற்றவர்கள் முன்னால் வைத்து, கடுமையாக விமர்சித்து, அதன் வழியே ஒருவரையொருவர் வளர்த்தெடுத்தார்கள். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். ஒரு படத்தை நிராகரித்தால் ஏன் என்று காரணம் சொல்லுங்கள். எடுத்தவர் மறுத்துப் பேச நேரம் கொடுங்கள்.

மூன்றாவது, பொருள். ஆயக்குடி என்றால் கொய்யா. சந்தையில் குவிந்து கிடக்கும் கொய்யாவை எல்லோரும் எடுத்துவிட்டார்கள். பழத்தைப் பின்தொடர்ந்து போங்கள். தோட்டம் யார் பெயரில் இருக்கிறது, குத்தகை எடுத்தவர் யார், விடியும் முன் பறிப்பவர் யார், தரம் பிரிப்பவர் யார், விலை சொல்பவர் யார், பெட்டியைத் தலையில் தூக்குபவர் யார்? இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி, எதிரே யாருக்கு நிலம் இருக்கிறது, யாருக்குக் கூலி மட்டும் இருக்கிறது என்று குறித்தாலே உங்கள் படக்கட்டுரை பாதி முடிந்துவிடும். சாதியைத் தேடிக் காலனிக்கு மட்டும் போகாதீர்கள். கொடிக்கம்பத்தில், சுவரொட்டியில், மணிக்கட்டுக் கயிற்றின் நிறத்தில் எல்லாம் அது வெளிப்படையாக நிற்கிறது. பள்ளிகளில் இந்த நிறக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லி 2024இல் நீதிபதி சந்துரு அறிக்கையே கொடுத்திருக்கிறார்.

நான்காவது, படக்குறிப்பு. ‘கூலித் தொழிலாளி’ என்று எழுதி நிறுத்தாதீர்கள். அவர் விரும்பினால் பெயரைப் போடுங்கள், ‘பறிக்கிறார்’ என்று மரியாதையோடு எழுதுங்கள். முதலாளிக்கு ‘ஆர்’ விகுதியும் தொழிலாளிக்கு ஒருமையும் போடும் வழக்கம் நம் குறிப்பேட்டுக்குள் நுழையக் கூடாது. அதேபோல் பெயரே போடக் கூடாத இடமும் உண்டு. பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவதை பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவும், குழந்தைகள் என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் தடுக்கின்றன. முகத்தை மறைத்துவிட்டுத் தெருவையும் வீட்டுக் கதவையும் காட்டினாலும் அது அடையாளம்தான்.

ஐந்தாவது, நாம் கிளம்பிய பிறகு அங்கேயே இருக்கப் போகிறவர்கள். கூலியைப் பற்றி உங்களிடம் பேசிய அம்மா மறுநாள் அதே தோட்டத்துக்குத்தான் வேலைக்குப் போக வேண்டும். ‘எடுக்கலாமா’ என்று ஒரு முறை கேட்டால் போதாது. படத்தைக் காட்டி, எங்கே வரும் என்று சொல்லி, மீண்டும் கேளுங்கள். ‘வேணாம்ப்பா’ என்று சொன்னால் அவர் கண்முன்பே அழித்துவிடுங்கள். சம்மதித்தவர்களுக்கு அச்சிட்ட படம் ஒன்று கைக்குப் போய்ச் சேர வேண்டும். அச்சுச் செலவை இப்போதே கணக்கில் எழுதுங்கள்.

இனி உங்களுக்கான வீட்டுப்பாடம். பயிலரங்குக்கு முன் ஒவ்வொரு குழுவும் இரண்டு முறையாவது கேமரா இல்லாமல் இந்த ஊரைச் சுற்றி நடக்க வேண்டும். பழைய ஆயக்குடிக்கும் புது ஆயக்குடிக்கும் போங்கள். எந்தத் தெருவில் உங்களை உட்காரச் சொல்கிறார்கள், எங்கே பெயருக்கு முன்னால் ஊரைக் கேட்கிறார்கள் என்று எழுதி வையுங்கள்.

கடைசியாக ஒன்றை நீங்களே முடிவு செய்ய வேண்டும். மூன்றாம் நாள் மாலை படங்களை எங்கே காட்சிக்கு வைப்பது? ஊர்த்தெருவில் மண்டபம் கிடைக்கலாம். அங்கே வைத்தால் காலனி மக்கள் எத்தனை பேர் தயக்கமில்லாமல் உள்ளே வருவார்கள்? காலனியில் வைத்தால் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் எட்டிப் பார்ப்பார்கள்? படத்தில் இருக்கும் எல்லோரும் ஒன்றாக வந்து நின்று பார்க்கக்கூடிய ஒரு சுவர் இந்த ஊரில் எங்கே இருக்கிறது? முதல் படத்தை எடுப்பதற்கு முன்பே அதைத் தேடத் தொடங்குங்கள். அப்படி ஒரு சுவர் இல்லை என்று தெரிந்தால், நான்கு குழுக்களும் சொல்ல வேண்டிய முதல் செய்தி அதுதான்.