அறியாமல் சொல்லும் பொய்ச்சான்று

(தவக்காலம் மூன்றாம் ஞாயிறன்று வானொலியில் ஆற்றிய மறையுரை)



இன்று தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. தமிழ் நாள்காட்டியில் இது மாசி மாதத்தின் கடைசி ஞாயிறும்கூட. சாம்பல் புதன் தொடங்கி நாம் நோன்பில் இருக்கிறோம். திருச்சியிலிருந்து சிறிது தொலைவில் உள்ள சமயபுரத்தில் இன்று இன்னொரு நோன்பு தொடங்குகிறது. பூச்சொரிதலுக்காகக் கூடைகூடையாகப் பூக்களைச் சுமந்துகொண்டு மக்கள் அங்கே போய்க்கொண்டிருப்பார்கள். நம் பங்கு மக்களின் வீட்டுக்குப் பக்கத்து வீட்டார், கூட வேலை செய்வோர், பிள்ளைகளின் பள்ளித் தோழர்கள் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள்.

அவர்கள் எதை நம்புகிறார்கள் என்று யாராவது நம்மைக் கேட்டால் என்ன பதில் சொல்வோம்? அந்தப் பதில் உண்மையாக இருக்குமா? இன்றைய நற்செய்தியின் ஒளியில் இதைச் சிந்திப்போம்.

சிக்கார் ஊரின் யாக்கோபு கிணற்றருகே இயேசு களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் மொள்ள வந்த சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். யூதரும் சமாரியரும் ஒருவரோடொருவர் பழகாத காலம் அது. அந்தப் பெண் வழிபாட்டைப் பற்றிய பழைய வழக்கை எடுக்கிறார்: இந்த மலையா, எருசலேமா? இயேசு நழுவவில்லை. மீட்பு யூதரிடமிருந்தே வருகிறது என்று தெளிவாகச் சொல்கிறார். ஆனால் சமாரியரைப் பற்றி ஒரு பொய்யான சொல்லோ, ஓர் ஏளனச் சொல்லோ அவர் வாயிலிருந்து வரவில்லை. அவர்களுடைய மலை அவருக்குத் தெரியும். அவர்களுடைய நம்பிக்கையும் தெரியும். அறிந்தே பேசினார்.

பிறருக்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்வதை எட்டாம் கட்டளை தடுக்கிறது. நீதிமன்றத்தில் ஏறிப் பொய் சொல்வதுதான் பொய்ச்சான்று என்று நினைத்துக்கொள்கிறோம். அடுத்தவருடைய நிலத்தைப் பற்றிப் பொய் சொல்வது பாவம் என்றால், அவர் உயிரினும் மேலாகப் போற்றும் இறைநம்பிக்கையைப் பற்றிப் பொய் சொல்வது எப்படிப் பாவமில்லாமல் போகும்? தெரியாமல் சொன்னோம் என்று நாம் சமாதானம் சொல்லலாம். பக்கத்து வீட்டில் கேட்டால் தெரிந்திருக்கும் ஒன்றைக் கேட்காமலே பேசுவதற்கும், வாட்ஸ்அப்பில் வந்த கேலிப் படத்தை அப்படியே அடுத்தவருக்கு அனுப்புவதற்கும் நாம்தான் பொறுப்பு. நம்மிடையே அடிக்கடி கேட்கும் மூன்று சான்றுகளை இன்று எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது: “அவர்கள் கல்லைக் கும்பிடுகிறார்கள்.”

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஏழு திருச்சுற்றுகளோடு நிற்கிறது திருவரங்கம் கோயில். 108 திவ்விய தேசங்களில் முதலாவதாக வைணவர்கள் அதைப் போற்றுகிறார்கள். அங்கே பள்ளிகொண்டிருக்கும் பெருமாளைப் பற்றி வைணவ ஆசாரியர்கள் என்ன கற்பித்தார்கள்? இறைவன் ஐந்து நிலைகளில் இருக்கிறான் என்றார்கள். பரமபதத்தில் இருக்கும் நிலை, பாற்கடலில் இருக்கும் நிலை, இராமனாகவும் கண்ணனாகவும் இறங்கி வந்த நிலை, ஒவ்வோர் உயிருக்குள்ளும் உறையும் நிலை, கடைசியாக அர்ச்சை எனப்படும் திருவுருவ நிலை. திருவரங்கத்தில் வாழ்ந்த பிள்ளை லோகாசாரியர் இதைத் தண்ணீரை வைத்தே விளக்கினார். உள்ளத்தில் உறையும் இறைவன் நிலத்தடி நீர் போல. தோண்டத் தெரிந்தவனுக்குத்தான் கிடைக்கும். அவதாரம் என்பது ஆற்றில் வந்த வெள்ளம் போல. அந்தக் காலத்தில் கரையில் நின்றவர்களுக்குக் கிடைத்தது. திருவுருவமோ வெள்ளம் வடிந்த பின்பு ஆற்றில் தேங்கி நிற்கும் மடு போல. தாகத்தோடு பின்னால் வருகிறவனுக்கும் கைக்கு எட்டும்.

கோடையில் கொள்ளிடத்து மணலில் நடந்தவர்களுக்கு இந்த உவமை உடனே புரியும். கல்லைத் தாண்டி எதையும் காணாதவர்கள் இப்படிப் பேச முடியுமா? பெரியவன் எளியவனுக்காகத் தன்னைச் சிறியவனாக்கிக்கொள்கிறான் என்பதே அவர்கள் நம்பிக்கை. நாம் அதை ஏற்கவில்லை. அது வேறு; அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனால், வேளாங்கண்ணி மாதாவின் சுரூபத்தைப் பார்த்து, “பொம்மையைக் கும்பிடுகிறீர்களே” என்று ஒருவர் சொன்னால் நமக்கு எப்படி வலிக்கிறது? நம் நம்பிக்கையை நம்மிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அதே நியாயம் அவர்களுக்கும் உண்டு.

இரண்டாவது: “அவர்களுக்கு முப்பத்து முக்கோடி கடவுள்; ஒரே கடவுள் என்பதே தெரியாது.”

இந்து சமயத்துக்கு ஒரே நிறுவனர் இல்லை. எல்லோரும் ஏற்ற ஒரே விசுவாச அறிக்கையும் இல்லை. நான்கு வேதங்கள், அவற்றின் முடிவாக வரும் உபநிடதங்கள், மகாபாரதத்துக்குள் இருக்கும் பகவத் கீதை, கோயில் வழிபாட்டை வகுக்கும் ஆகமங்கள் என்று நூல்கள் பல. தமிழ்நாட்டில் இவற்றோடு ஆழ்வார்களின் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தமும், சைவர்களின் பன்னிரு திருமுறைகளும் சேரும். மார்கழியில் வைகுண்ட ஏகாதசியை ஒட்டிப் பகல் பத்து, இராப் பத்து என்று திருவரங்கத்தில் தமிழ்ப் பாசுரங்களை அரையர்கள் பாடி, அபிநயித்துக் காட்டுகிறார்கள். வடமொழி வேதத்துக்கு நிகராகத் தமிழ்ப் பாட்டை வைத்துப் போற்றும் மரபு அது.

நூல்கள் பல என்பதால் கொள்கைகளும் பல. பிரம்மம் ஒன்றே மெய், உயிர் அதிலிருந்து வேறல்ல என்றார் ஆதிசங்கரர். மரபுக் கணக்குப்படி 1017இல் பிறந்து, திருவரங்கத்தில் நெடுங்காலம் வாழ்ந்த இராமானுசர் அதை மறுத்தார். உயிர்களும் உலகமும் உண்மையே. உடல் உயிருக்கு உரியதாக இருப்பதுபோல அவை இறைவனுக்கு உரியவை என்றார். சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என்று மூன்றைச் சொல்கிறது: இறைவன், உயிர், உயிரைக் கட்டும் தளை. நூற்றாண்டுக் கணக்கில் இவர்கள் தங்களுக்குள் வாதிட்டிருக்கிறார்கள். ஆனால் இவர்களில் எவரும், எல்லாவற்றுக்கும் மேலான பரம்பொருள் பல என்று சொல்லவில்லை. தேவர்கள் அந்த ஒருவனுக்குக் கீழ்ப்பட்டவர்களே. உறுதியான வைணவர் நாராயணன் ஒருவனையே பரம்பொருள் என்பார். அதே தீவில் திருவானைக்காவில், நீர் ஊறும் கருவறையில் சிவலிங்கத்தை வணங்கும் சைவர், சிவனே அந்த ஒருவன் என்பார்.

மூன்றாவது: “அவர்கள் பயத்தால் நேர்ந்துகொள்கிறார்கள், இறையருள் என்றால் என்னவென்று தெரியாது.”

வினை, மறுபிறவி, வீடுபேறு ஆகியவை அவர்கள் நம்பிக்கையின் அடிப்படைகள். செய்த வினையின் பயன் உயிரைத் தொடரும். அதற்கேற்பப் பிறவிகள் வரும். அந்தச் சுழலிலிருந்து விடுபடுவதே வீடுபேறு. ஆனால் கணக்கோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. இராமானுசருக்குப் பின்வந்தவர்களிடையே ஒரு பெரிய கேள்வி எழுந்தது. இறைவன் காப்பாற்றுவதில் மனிதனுக்குப் பங்கு உண்டா? குரங்குக் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்வதுபோல நாம் பற்ற வேண்டும் என்றது ஒரு தரப்பு. பூனைக் குட்டி ஒன்றும் செய்வதில்லை, தாய்தான் வாயில் கவ்வித் தூக்குகிறது என்றது மறு தரப்பு. வேதாந்த தேசிகரின் வழி வந்தவர்கள் வடகலையார். பிள்ளை லோகாசாரியரின் வழி வந்தவர்கள் தென்கலையார்.

நாம் குருமடத்தில் படித்த பாடம்தானே இது! 5ஆம் நூற்றாண்டில் புனித அகுஸ்தினார் பெலாஜியுசோடு வாதிட்டது இதே அருளைப் பற்றித்தான். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபையாரும் தொமினிக்கன் சபையாரும் இதைப் பற்றி மோதிக்கொண்டார்கள். ஒருவரையொருவர் கண்டனம் செய்யக் கூடாது என்று 1607இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் தடுக்க வேண்டியிருந்தது. அருளைத் தெரியாதவர்கள் பூனைக் குட்டியைப் பற்றி நூற்றாண்டுக் கணக்கில் பேசியிருக்க முடியாது.

இன்று சமயபுரத்தில் தொடங்குவதும் அருளைப் பற்றியதே. பக்தர்கள் தெய்வத்துக்காக விரதம் இருப்பதுதான் வழக்கம். அங்கே, பக்தர்களின் நலனுக்காக அம்மனே 28 நாள்கள் விரதம் இருப்பதாக நம்புகிறார்கள். பச்சைப் பட்டினி விரதம் என்று அதற்குப் பெயர். அந்த நாள்களில் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, பானகம், இளநீர் போன்றவைதான். மலைக்கோட்டைத் தாயுமானவர் கதையும் நமக்குத் தெரிந்ததே. காவிரி வெள்ளத்தால் தாய் வர முடியாமல் போக, பேறுகால வேதனையில் தவித்த பெண்ணுக்குச் சிவனே தாயாக வந்து துணைநின்றார் என்பது தலபுராணம். தாய் பிள்ளையை மறந்தாலும் தாம் மறவாத கடவுளைப் பற்றி எசாயா சொன்னதைக் கேட்டு வளர்ந்த நாம், இந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்கலாமா?

இன்னொரு சான்றும் உண்டு. “சாதி அவர்களுடையது, நம்மிடம் இல்லை” என்பது. உறையூரில் பாணர் குலத்தில் வளர்ந்த திருப்பாணாழ்வார் காவிரிக் கரையிலேயே நின்று அரங்கனைப் பாடினார். ஒரு நாள் தன்னை மறந்து நின்றவர்மேல் லோகசாரங்கர் கல்லெறிந்தார். பெருமாளின் நெற்றியில் இரத்தம் வந்தது. எறிந்தவரின் தோளிலேயே ஆழ்வார் கோயிலுக்குள் வந்தார் என்று அவர்கள் மரபு சொல்கிறது. சாதியின் கல் இறைவன் மேலேயே படும் என்று அந்தக் கதை சொல்லித்தான் வைத்திருக்கிறது. அதைக் கேட்டவர்களும் சாதியை விடவில்லை. ஒரே திருமுழுக்குப் பெற்றும் கல்லறைத் தோட்டங்களில் சாதிக்குச் சுவர் வைத்த நாமும் விடவில்லை. இது நம்மைப் பற்றியே நாம் சொல்லும் பொய்ச்சான்று.

அன்பார்ந்தவர்களே, இப்படிச் சொல்வதால் எல்லாச் சமயமும் ஒன்றுதான் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அதுவும் ஒரு பொய்ச்சான்றுதான். திருவரங்கத்து வைணவரே அதை ஏற்கமாட்டார். இயேசுவும் கிணற்றருகே இரண்டு மலையும் ஒன்று என்று சொல்லவில்லை. ஒன்றுமில்லாமையிலிருந்து கடவுள் உலகைப் படைத்தார் என்று நாம் நம்புகிறோம். உயிர்கள் தொடக்கமற்றவை என்கிறது சைவ சித்தாந்தம். அவர்கள் பல அவதாரங்களைச் சொல்கிறார்கள். வாக்கு ஒரே முறை மனுவுருவானார், பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு, இறந்து, உயிர்த்தார் என்று நாம் ஒவ்வொரு ஞாயிறும் அறிக்கையிடுகிறோம். அவர்கள் பிறவிகள் பல என்கிறார்கள். நமக்கு ஒரே வாழ்வு, பின்பு உடலின் உயிர்ப்பு. நமக்கு மீட்பர் ஒருவரே. இதை மறைத்துப் பேசுவது மரியாதை ஆகாது.

அறிந்து பேசுவதும், வேறுபாட்டை மறைக்காமல் இருப்பதும் ஒன்றாக முடியுமா? முடியும் என்று காட்டியவர் தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி. 1606இல் மதுரைக்கு வந்த அவர் தமிழும் வடமொழியும் கற்றார். நூல்களை அறிந்தவர்களிடம் உட்கார்ந்து கேட்டார். மறுபிறவிக் கொள்கையை மறுத்து எழுதியவரும் அவரே. படித்தார், பின்பு மறுத்தார். அவர்மேல் குற்றம்சாட்டியவர்கள் நம்மவர்களே. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவர் கடைப்பிடித்த முறைக்கு அனுமதி தந்தார். நம் குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், 1950இல் சாந்திவனத்தைத் தொடங்கிய தந்தை மோன்சானினும் அப்படிக் கற்றவர்தான். 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உண்மையாகவும் தூயதாகவும் இருக்கும் எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று அறிவித்தது. கிறிஸ்துவை அறிவிக்கும் கடமையையும் அதே ஏட்டில்தான் வலியுறுத்தியது.

அப்படியானால் இந்தத் தவக்காலத்தில் நாம் என்ன செய்யலாம்? பிரசாதம் கொடுத்தால் வாங்கலாமா என்று பலர் கேட்கிறீர்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 8, 10 ஆகிய அதிகாரங்களை வீட்டில் சேர்ந்து வாசியுங்கள். உணவில் தீட்டு இல்லை என்கிறார் புனித பவுல். பிற வழிபாட்டில் பங்குகொள்வதைத் தடுக்கிறார். இன்னொருவருடைய மனச்சான்று இடறுமானால் விட்டுவிடச் சொல்கிறார். ஆகவே மனச்சான்றோடு முடிவெடுங்கள். வேண்டாம் என்றால் பணிவாகச் சொல்லலாம். அன்போடு நீட்டிய கையின் முன் முகம் சுளிக்க மட்டும் நமக்கு உரிமை இல்லை.

இரண்டாவது, கேலிப் படங்கள் உங்கள் கைப்பேசியோடு நிற்கட்டும். மூன்றாவது, அடுத்தவர் நம்பிக்கையைப் பற்றிப் பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லுமுன், இதை அவர் முன்னால் சொன்னால் “ஆமாம், நாங்கள் நம்புவது இதுதான்” என்று அவர் தலையசைப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் அவரிடமே கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். பிறகு உங்கள் நம்பிக்கையைப் பற்றியும் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல நாம் ஆயத்தமாக இருக்கிறோமா என்பதே தவக்காலத்தின் அடுத்த கேள்வி.

நற்செய்தியின் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். சமாரியர் வந்து, எங்களோடு தங்கும் என்று கேட்டார்கள். இயேசு அங்கே இரண்டு நாள் தங்கினார். அவர்கள் வீட்டில் உறங்கி, அவர்கள் உணவை உண்டு, அவர்களோடு பேசினார். அதன் பிறகுதான் அந்த ஊரார் அவரை உலகின் மீட்பர் என்று அறிந்துகொண்டார்கள்.

ஆண்டவரே, எங்கள் நாவைக் காத்தருளும். உம்மைப் பற்றி உண்மையைச் சொல்ல விரும்பும் நாங்கள், எங்கள் அண்டை வீட்டாரைப் பற்றியும் உண்மையையே சொல்ல அருள்தாரும். ஆமென்.