இழந்த கல்வியை மீட்கும் உரிமை

(வன்னியில் விவசாயிகளும் ஆசிரியர்களும் அரச ஊழியர்களும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை)



பொழுது சாய்ந்த பின்னரும் வயலிலிருந்து கை கால் கழுவி நேரே இம்மண்டபத்திற்கு வந்திருக்கின்றீர்கள். நாம் பேசவந்த விடயம் பிள்ளைகளின் கல்வியன்று. அதைப் பற்றிப் பேசுவதற்கு எம்மிடையே ஆட்கள் நிறைய உள்ளனர். பத்து வயதிலும் பதினைந்து வயதிலும் பள்ளிக்கூடத்தை விட்டு ஓட நேர்ந்து, இன்று முப்பதையும் நாற்பதையும் கடந்து நிற்கும் எமது சகோதர சகோதரிகளின் கல்வியைப் பற்றியே பேச வந்தோம்.

அவர்கள் எவ்வாறு படிப்பை இழந்தனர் என்பதை இம்மண்ணில் நின்று விளக்க வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் பிள்ளைகள் ஒரே நாளில் பள்ளியை இழந்தனர். 1995 ஒக்டோபர் 30 ஆந் தேதி இரவு யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு நடந்த பிள்ளைகள், புத்தகப் பையை விட்டுத் தம்பியையும் தங்கையையும் தூக்கிக்கொண்டு நடந்தனர். 2008 இலும் 2009 இலும் இவ்வன்னி மண்ணில் ஊர் ஊராய்ப் பெயர்ந்தவர்களுக்கு மரநிழலே வகுப்பறையாயிற்று. பின்னர் அந்த மரநிழலும் இல்லாமற்போயிற்று. மலையகத்திலோ கதை இன்னும் பழையது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு, ஆரம்ப வகுப்புகளுக்கு அப்பால் பாதையில்லாத தோட்டப் பள்ளிகளே நெடுங்காலம் வாய்த்தன.

இவர்கள் படிக்க மனமில்லாது நின்றவர்களல்லர். படிக்கவிடாது நிறுத்தப்பட்டவர்கள். இவ்வேறுபாட்டை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மனமில்லாது நின்றவனுக்குப் புத்திமதி போதும். நிறுத்தப்பட்டவனுக்கோ பரிகாரம் வேண்டும். சட்டம் படித்தவர்கள் என்ற முறையில் இப்பரிகாரத்தைப் பற்றியே சில சொல்லுவோம்.

அரசியலமைப்பின் 27 ஆம் உறுப்புரையை எடுத்துப் பாருங்கள். எழுத்தறியாமையை முற்றாக ஒழிப்பதும், எல்லா ஆட்களுக்கும் எல்லா மட்டங்களிலும் கல்வியைச் சமமாகப் பெறும் உரிமையை உறுதிசெய்வதும் அரசின் நோக்கங்களுள் ஒன்றென அங்கே எழுதப்பட்டுள்ளது. 'எல்லாப் பிள்ளைகளுக்கும்' என்று எழுதப்படவில்லை. 'எல்லா ஆட்களுக்கும்' என்றே எழுதப்பட்டுள்ளது. நாற்பது வயதுக் கமக்காரனும் ஓர் ஆள்தானே! ஆயின் இரண்டு உறுப்புரை தள்ளி 29 ஆம் உறுப்புரை வந்து, இவற்றை வைத்து எந்த நீதிமன்றிலும் வழக்காட முடியாது என்று கதவை அடைத்துவிடுகின்றது. கொடுத்த கையே பறித்துக்கொண்டது. பிள்ளைகளுக்கோ கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. 1998 முதல் 5 வயதிலிருந்து 14 வயது வரை என்றிருந்த கட்டாயம் பின்னர் 16 வயது வரை நீட்டப்பட்டது. பதினாறைத் தாண்டியவனுக்கு? வாக்குறுதி உண்டு, வழக்குரிமை இல்லை. நீதிமன்றம் தராததை மக்கள் அமைப்பாகத் திரண்டு கேட்டுப் பெறவேண்டியிருக்கின்றது.

1945 இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்ததென்று ஆண்டுதோறும் விழாக்களிற் பெருமை பேசுகின்றோம். பெருமை உண்மையே. ஆனால் இலவசம் என்பது வாசலிற் பணம் கேட்காமை மாத்திரமே. வாசலுக்கு வரமுடியாதுபோனவனை அது தேடிச் செல்லவில்லை.

வயது வந்தவர்களைப் பரீட்சைக்கு அமர்த்துவது இந்நாட்டு அரசாங்கங்களுக்குப் புதிய காரியமோ? இல்லை. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தின் பின்னர், தலை நரைத்த தமிழ் எழுதுவினைஞர்களைச் சிங்களப் பரீட்சைக்கு இருத்தினார்கள். சித்தியடையாதோரின் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். உத்தியோகத்தைப் பறிப்பதற்கு வயது வந்தோர் பரீட்சை நடத்த இயன்ற அரசுக்கு, உத்தியோகம் கொடுப்பதற்கு அதே பரீட்சையை நடத்த இயலாதா என்றே கேட்கின்றோம்.

யுத்தத்தினால் படிப்பைத் துறந்தவர்களுக்கு மற்றைய நாடுகள் என்ன செய்தன என்று பாருங்கள். 1942 இல் அமெரிக்காவில், பள்ளிப்படிப்பு முடியுமுன் படைக்குச் சென்றவர்களுக்கென ஒரு தனிப் பரீட்சையை வகுத்தார்கள். அதிலே சித்தியெய்தினால் உயர்பள்ளிச் சான்றிதழுக்கு ஒப்பாகும். மீசை முளைத்த வீரனைச் சிறுவர்களோடு வாங்கிற் போய் இரு என்று எவரும் கூறவில்லை. சில ஆண்டுகளிற் படைவீரரல்லாத பொதுமக்களுக்கும் அப்பரீட்சை திறந்துவிடப்பட்டது. பக்கத்து இந்தியாவிலே 1989 இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவப்பட்டது. ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டுக்குள், ஒவ்வொரு பாடமாகத் தேறிச் சேர்த்துக்கொண்டு போகலாம். இவ்வாண்டு தமிழும் வரலாறும், அடுத்த ஆண்டு கணிதம் என்று, உழைத்துக்கொண்டே படிப்பவனுக்கு ஏற்ற வழி அது.

எமது நாட்டின் நிலை என்ன? க. பொ. த. சாதாரண தரத்திற்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எவரும் தோற்றலாம். மேல்வயது எல்லை கிடையாது. இது நல்லதே, பலர் அறியாததும்கூட. ஆனால் உத்தியோகம் என்று வரும்போது, ஆட்சேர்ப்புத் திட்டங்கள் பலவற்றில் ஒரு வரி இருக்கின்றது: ஆறு பாடங்களில், மொழியும் கணிதமும் உட்பட, இரண்டு தடவைக்கு மேற்படாமற் சித்தி பெற்றிருத்தல் வேண்டும். பகல் முழுதும் வயலில் நின்று, மாலையிற் சமைத்துப் பிள்ளைக்கு ஊட்டி, இரவிற் படிக்கும் தாய் இரண்டு தடவைக்குள் ஆறு பாடத்தையும் முடிக்கவேண்டுமாம்! மூன்றாந் தடவை பெற்ற கணிதச் சித்தியிலே கணிதம் குறைந்துவிடுமோ?

இவ்வரி பாராளுமன்றம் இயற்றிய சட்டமன்று. ஆட்சேர்ப்புத் திட்டத்தில் எழுதப்பட்ட நிபந்தனை. எழுதிய கை திருத்தவும் கூடும். 1987 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க மாகாணசபைகள் சட்டத்தின்படி மாகாண அரச சேவையின் நியமன அதிகாரம் ஆளுநரிடம் உள்ளது. அதனை அவர் மாகாண அரச சேவை ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கலாம். ஆகவே மாகாணத்துக்குரிய சிற்றூழியர், சாரதி, வேலைத்தள உதவியாளர் போன்ற பதவிகளுக்கேனும் இந்நிபந்தனையைத் தளர்த்துமாறு முதலிற் கேட்கவேண்டிய இடம் கொழும்பன்று. எதற்கும் கொழும்பையே திட்டிப் பழகிய எமக்கு இது சற்றுச் சங்கடமான உண்மைதான்.

இனித் தொழிலாளரிடம் வருவோம். இவ்வூர்களிலே லாண்ட்மாஸ்ரர் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே எந்த உறுப்பு தேய்ந்ததென்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். யுத்தகாலத்தில் உதிரிப்பாகம் வராதபோது பழைய இரும்பைக் கடைந்து இயந்திரத்தை ஓடவைத்தவர்கள் அவர்கள். இன்று அவர்களிடம் தொழில் கற்ற பையன் சான்றிதழோடு கம்பனியிற் சேர்கின்றான். குருவோ நாட்கூலிக்கு நிற்கிறார். மேசன்மார், தச்சர், மின்னிணைப்பு வேலை செய்வோர், தையற் பெண்கள் எல்லோருக்கும் இதே கதி.

இவர்களுக்கு வழி இல்லையென்று எண்ணாதீர்கள். 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு, தேசிய தொழிற்றகைமை என்னும் ஏழு படிகளைக் கொண்ட ஏணியை வகுத்துள்ளது. முதல் நான்கு படிகள் கைத்தொழில் வல்லமைக்குரிய சான்றிதழ்கள். நான்காம் படி முழுமையான தொழில்வல்லுநருக்கு உரியது. ஐந்தும் ஆறும் டிப்புளோமா. ஏழாவது பட்டத்திற்குச் சமம். இந்த ஏணியிலே ஏறுவதற்குப் பயிற்சிக்கூடத்திற்குச் சென்றே ஆகவேண்டும் என்பதில்லை. முன்கற்றல் அங்கீகாரம் என்ற முறை உண்டு. இருபது ஆண்டு தொழில் செய்தவர் தாம் செய்த வேலைகளின் படங்கள், வேலை கொடுத்தோரின் கடிதங்கள், பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றைத் திரட்டிக் கோவையாக்கி விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டாளர் வந்து கேள்வி கேட்பார். வேலையைச் செய்துகாட்டச் சொல்வார். முடிவிலே 'சித்தி', 'சித்தியின்மை' என்ற சொற்கள் வருவதில்லை. 'தகைமையுடையவர்' அல்லது 'இன்னும் தகைமை பெறவில்லை' என்றே எழுதப்படும். அந்த 'இன்னும்' என்ற சொல் எமக்கு மிகவும் பிடித்திருக்கின்றது. ஒருவரை அவமதியாது திருப்பி அனுப்பத் தெரிந்த பரீட்சை இந்நாட்டில் வேறுண்டோ அறியோம்!

ஆனால் ஓர் எச்சரிக்கை. மதிப்பீட்டாளர் தமிழ் அறியாதவராயின் முழு ஏற்பாடும் வீண். கையால் வேலையைச் செய்துகாட்டிவிடலாம். ஏன் அவ்வாறு செய்தாய் என்ற கேள்விக்குப் பதிலை மொழியாலன்றோ சொல்லவேண்டும்! தேசிய மொழிகளுள் எதிலேனும் கல்வி பெறும் உரிமையை 21 ஆம் உறுப்புரை கூறுகின்றது. 1987 இல் வந்த பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆதலின் தமிழ் மதிப்பீட்டாளரைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. விண்ணப்பத்தோடு சேர்த்தே எழுத்து மூலம் கேளுங்கள், பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்விடத்தில் எமது சமூகத்தின் நோயொன்றையும் சொல்லாது விட மாட்டோம். பிள்ளையொன்று ஒன்பது பாடங்களிலும் அதிவிசேட சித்தி பெற்றால் சந்திக்குச் சந்தி பதாகை கட்டுகின்றோம். முப்பத்தெட்டு வயதுத் தாயொருத்தி ஆறு பாடம் தேறினால், 'இந்த வயதில் இவளுக்கு எதற்கு?' என்று வாய்க்கால் ஓரத்திலே சிரிக்கின்றோம். கணவனை யுத்தம் கொண்டுபோக, குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் எத்தனை ஆயிரம்! அவர்களிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு எமக்கு என்ன தகுதி உண்டு? தொழிற்சான்றிதழையும் அப்படியே தாழ்வாக எண்ணுகின்றோம். மேசையும் பேனையும் இருந்தாற்றான் உத்தியோகம் என்ற மயக்கம் வெள்ளைக்காரன் விட்டுப்போன சொத்து. அதை மாத்திரம் எவரும் தேசியமயமாக்கவில்லை.

கணிதம் என்றவுடன் பலர் பின்வாங்குகிறார்கள். விவசாயத் தோழர்களே, பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்று அறிந்து, ஏக்கருக்கு எத்தனை புசல் விதைநெல், எத்தனை அந்தர் பசளை என்று மனத்தால் கணக்கிட்டு, நகையை அடைவு வைத்த வட்டியையும் மாதாமாதம் எண்ணிக்கொண்டிருப்பவர்கள் நீங்கள். வீதமும் பரப்பளவும் வட்டியும் உங்களுக்குப் புதியனவல்ல. அவற்றைத் தாளில் எழுதும் முறைதான் புதிது. இங்கு வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்கள் வயலிலிருந்து தொடங்கிப் பாடத்திற்கு வருவார்களாயின், அரைவாசி அச்சம் முதல் வாரத்திலேயே அகலும்.

வகுப்பு எப்பொழுது நடப்பது என்பதும் முக்கியம். பள்ளிக்கூட நாட்காட்டி விவசாயிக்குப் பொருந்தாது. புரட்டாதி, ஐப்பசி விதைப்புக் காலத்தில் எவரும் வரமாட்டார். தை, மாசி அரிவி வெட்டிலும் வரமாட்டார். விதைப்பு முடிந்து வெட்டுக்கு முன்னுள்ள நாட்களையும், பெரும்போகத்திற்கும் சிறுபோகத்திற்கும் இடைப்பட்ட நாட்களையும் பற்றிப்பிடிக்க வேண்டும். பெண்களுக்கு மாலை நேரம் உகந்ததன்று. பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் முற்பகலே உகந்தது. கல்வி அமைச்சின் முறைசாராக் கல்விப் பிரிவின் கடமை இத்தகையோருக்கு வகுப்பு அமைப்பதே. வலயக் கல்வி அலுவலகத்திற்கு மனுக் கொடுக்கவேண்டும். ஆட்களின் பெயர்ப் பட்டியலோடு கொடுக்கவேண்டும். பட்டியலில்லாத மனு அலுமாரிக்குள்ளே உறங்கும்.

மேலே படிக்க விரும்புவோருக்கும் பாதை அடைபட்டதன்று. 1980 இல் ஆரம்பமான திறந்த பல்கலைக்கழகம் உயர்தரம் படியாதோரையும் அடிப்படைப் பாடநெறிகளின் வழியாகச் சேர்த்துக்கொள்ளுகின்றது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அதன் நிலையங்கள் உண்டு. தொழிற்றகைமை ஏணியால் ஏறுவோர்க்கு இரத்மலானையில் 2008 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. கிளிநொச்சி அறிவியல் நகரிலே ஜேர்மன் உதவியோடு எழுந்த பயிற்சி நிலையத்தை நீங்களே கண்டிருக்கிறீர்கள்.

கடைசியாக, கடதாசி விடயம். பலர் நின்றுவிடும் இடம் இதுவே. பரீட்சைக்கு விண்ணப்பிக்க அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பிறப்புச் சான்றிதழோ பெட்டியோடு எரிந்தது அல்லது பதுங்குகுழியில் மண்ணாயிற்று. பதிவு இருந்து பிரதி தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் மறுபிரதி பெறலாம். பதிவே இல்லையெனில் காலங்கடந்த பதிவுக்குச் சட்டத்தில் இடமுண்டு. அதற்குச் சத்தியக் கடதாசி வேண்டும். யுத்தகாலத்திற் பரீட்சை எழுதிச் சித்தியடைந்து சான்றிதழை மாத்திரம் தொலைத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மீண்டும் பரீட்சை எழுத வேண்டியதில்லை! பரீட்சைத் திணைக்களத்திற்கு ஆண்டையும், தெரியுமாயின் சுட்டெண்ணையும் குறிப்பிட்டு விண்ணப்பித்தால் பெறுபேற்றுச் சான்றிதழ் பெறலாம்.

வருகின்ற ஞாயிறு தொடக்கம், முற்பகல் ஒன்பது மணி முதல் மதியம் வரை, நாமும் எம்முடன் வந்துள்ள சட்டத்தரணிகளும் இதே மண்டபத்தில் அமர்ந்திருப்போம். சத்தியக் கடதாசிகளையும் விண்ணப்பங்களையும் கட்டணமின்றி எழுதித்தருவோம். வரும்போது குடும்ப அட்டை, பழைய பங்கீட்டு அட்டை, கோயில் அல்லது தேவாலயப் பதிவு, பழைய பள்ளித் தேர்ச்சி அறிக்கை என்று கையில் அகப்படும் எதையும் கொண்டுவாருங்கள், கிழிந்ததாயினும் எறியாதீர்கள். உங்கள் வயதையும் பிறந்த ஊரையும் அறிந்த முதியவர் ஒருவரையும் அழைத்துவாருங்கள். தொழிற்சான்றிதழ் வேண்டுவோர் செய்த வேலைகளின் படங்களைக் கொண்டுவந்தாற் போதும். இன்றே பெயர் கொடுக்க விரும்புவோருக்காக, வாசலருகே கொப்பியுடன் இரண்டு ஆசிரியர்கள் அமர்ந்திருக்கின்றனர்.