ஆன்லைன் படிப்பும் அம்மாக்களும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

சௌந்திரம் அம்மாவும் ராமச்சந்திரன் ஐயாவும் 1947-ல் தொடங்கின இந்தக் காந்திகிராமத்தில் மைக் பிடித்துப் பேசுவேன் என்று நான் நினைச்சதே இல்லை. நான் பத்தாவதோடு நின்னவள். "பிள்ளைகளோட ஆன்லைன் படிப்பைப் பத்திப் பேசு"ன்னு தலைவி அக்கா சொன்னப்போ, "எனக்கு என்னக்கா தெரியும்"னேன். "நீ ஏமாந்த கதையைச் சொல்லு, போதும்"னாங்க. அதையே சொல்றேன்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடத்தை மூடினாங்க. ஜூன் வந்ததும் என் மகள் ஒன்பதாவது. டீச்சர் வாட்ஸ்அப் குரூப்பில் பாடம் அனுப்புவாங்க, கல்வி தொலைக்காட்சியிலும் பாடம் வரும். வீட்டில் இருந்தது ஒரே போன். அதையும் அவங்க அப்பா சென்ட்ரிங் வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுவார். குழுவில் 8,000 ரூபாய் உள்கடன் கேட்டேன். "போன் வாங்கவா கடன்?"னு ரெண்டு பேர் முகம் சுளிச்சாங்க. அவங்க முன்வரிசையில்தான் இருக்காங்க, சிரிக்கிறாங்க பாருங்க. கடைசியில் கொடுத்தீங்க, பத்து மாசத்தில் கட்டி முடிச்சேன்.

போன் வந்ததும் என் வேலை முடிஞ்சதுன்னு நினைச்சேன். காலையில் குரூப்பில் "பிரசன்ட் மிஸ்"னு போடுவாள். நான் திண்ணையில் சின்னாளபட்டி சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கிட்டு இருப்பேன். உள்ளே வீடியோ சத்தம் கேட்கும். பிள்ளை படிக்குதுன்னு ஒரு நிம்மதி.

2021 பிப்ரவரி 8-ந் தேதி ஒன்பதாவது பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னாங்க. முதல் நாள் ராத்திரி பையை எடுத்துப் பார்த்தால், கணக்கு நோட்டில் எழுதினது 11 பக்கம். எட்டு மாசத்துக்கு 11 பக்கம்! அடிக்கக் கை ஓங்கிட்டேன். அவள் அழுதுக்கிட்டே, "வீடியோ பாட்டுக்கு ஓடுதும்மா. புரியலன்னா நான் யாரைக் கேக்கிறது? நீ ஒரு நாளாவது என்ன பாடம்னு கேட்டியா?"ன்னாள். ஓங்கின கை அப்படியே நின்னுருச்சு.

அந்த மாசமே, பரீட்சை இல்லாமல் எல்லாரும் பாஸ்னு அரசாங்கம் அறிவிச்சது. தெருவே சந்தோஷப்பட்டுச்சு. எனக்கு வயித்தைக் கலக்குச்சு. அடுத்த வருஷம் பத்தாவதாச்சே.

கேட்டா மட்டும் எனக்குப் புரியவா போகுதுன்னுதான் ஒதுங்கி இருந்தேன். அதுக்கப்புறம் முடிச்சுத் துணியைத் தூக்கிக்கிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பாடம் முடிஞ்சதும் போனைக் கவிழ்த்து வைக்கச் சொல்லி, "இப்ப எனக்குச் சொல்லு"ம்பேன். கணக்கு எனக்குத் தெரியாது. ஆனா பிள்ளை எந்த இடத்தில் திக்குதுன்னு பெத்தவளுக்குத் தெரியாதா? அந்த இடத்தை நோட்டுக் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொல்வேன். சாயங்காலம் டீச்சருக்குப் போன் போட்டு அதை மட்டும் கேட்பாள். "எல்லாரும் புரியலம்பாங்க, எது புரியலன்னு இவதான் சொல்றா"ன்னு டீச்சரே சொன்னாங்க. ராத்திரி போன் நடுவீட்டில் என் தலைமாட்டில்தான். அதுக்குச் சண்டை வந்தது, இன்னும் வருது.

பாடப்புத்தகத்தில் சதுரமா, கருப்பு வெள்ளைப் புள்ளியா ஒரு படம் இருக்குமே, கியூஆர் கோடு. தீக்‌ஷா ஆப்பைத் திறந்து அதில் காட்டினால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும், காசு கிடையாது. 2018-ல் வந்த புதுப் புத்தகத்திலிருந்தே இருக்கு. நான் அதைக் கடையில் பணம் அனுப்புற ஸ்கேனர் மாதிரி ஏதோ ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்!

2022 மே மாசம் பத்தாவது பரீட்சையை நேரில் எழுதினாள். கணக்கில் 61. பெரிய மார்க் இல்லைதான். ரிசல்ட் வந்த அன்னைக்குத் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தேன்.

இப்போ காலேஜ் இரண்டாம் வருஷம். அங்கேயும் ஆன்லைன் விடலை. ஸ்வயம்னு மத்திய அரசு நடத்துறது. சேரக் காசில்லை, சான்றிதழ் வேணும்னா கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதணும். வாரா வாரம் பயிற்சி அனுப்பணும், அதுக்குக் கடைசித் தேதி உண்டு, அந்த மார்க்கும் சேரும். யாரும் பின்னாடி வந்து கேட்க மாட்டாங்க. முதல் தடவை மூணு வாரம் விட்டுட்டாள். இப்போ நம்ம தவணைத் தேதி குறிக்கிற காலண்டரிலேயே அவள் தேதியையும் சிவப்பில் குறிக்கிறேன்.

இன்னொண்ணு சொல்லணும். போன வருஷம் ஒரு கம்பெனியிலிருந்து மகளுக்குப் போன். 45,000 ரூபாய் கம்ப்யூட்டர் கோர்ஸ், வேலை உறுதி, இப்ப ஒண்ணும் கட்ட வேண்டாம், மாசா மாசம் கட்டலாம், அம்மா ஆதாரும் பான் கார்டும் அனுப்பு, ஓடிபி வரும் சொல்லுன்னாங்க. நான் அனுப்பப் போயிட்டேன். எதுக்கும் கேட்போம்னு எங்க ஊக்குநர்கிட்ட காட்டினேன். "இது ஃபீஸ் இல்லடி, உன் பேர்ல கடன். பிள்ளை பாதியில் விட்டாலும் நீ கட்டணும். கட்டலன்னா நாளைக்கு பேங்க்ல லோன் கேக்குறப்ப உன் பேர்ல நிக்கும்"னாங்க. வேண்டாம்னுட்டேன். மகள் ரெண்டு நாள் பேசலை. அப்புறம் காலேஜில் நான் முதல்வன் திட்டத்தில் காசில்லாமலே ஒரு பயிற்சியில் சேர்ந்தாள்.

ஆன்லைனில் டிகிரின்னு யாராவது வந்தால், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்த வருஷம் அனுமதி இருக்கான்னு யுஜிசி இணையதளத்தில் பார்க்கச் சொல்லுங்க. நர்சிங்கை ஆன்லைனிலேயே படிச்சு டிகிரி வாங்கலாம்னு சொன்னால் பணமே கொடுக்காதீங்க. அதுக்கு அனுமதியே கிடையாது.

சின்னவன் எட்டாவது படிக்கிறான். அவன் புத்தகத்தைக் கையோடு கொண்டு வந்திருக்கேன். அந்தக் கியூஆர் கோடை எப்படித் திறக்கிறதுன்னு பார்க்கணும்னா, சாப்பாடு முடிஞ்சதும் வேப்பமரத்தடிக்கு வாங்க. போனில் சார்ஜ் இருக்கு.