விதியும் விதிப் புத்தகமும்



நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையைக் காலேஜில் சேர்க்கிறோம். நீட்டிய காகிதத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிறோம். விதிப் புத்தகத்தை நம்மில் ஒருவராவது படித்ததுண்டா? பின்னால் பையன் பரீட்சைக்கு உட்கார முடியாது என்றால், "எல்லாம் விதி" என்கிறோம். ஆம், விதிதான்! ஆனால் தலையில் எழுதியதல்ல. மனிதன் அச்சடித்து வைத்தது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஆம் வருஷத்து விதிகளைப் பாருங்கள். பாடத்திற்குப் பதிவு செய்தவனுக்குத்தான் அதில் பரீட்சை. பதிவு மட்டும் போதாது. நூற்றுக்கு 75 வருகையும் வேண்டும். 65 முதல் 74 வரை இருந்தால், நோயாய்க் கிடந்ததற்கு வைத்தியர் சான்றோ, விளையாட்டுப் போட்டிக்குப் போன சான்றோ காட்டி அனுமதி பெறலாம். 65க்கும் குறைந்தால் அந்தப் பருவத்தையே மறுபடி படிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கிடந்த பையன், சான்று கொடுக்க வேண்டுமென்று தெரியாமலே ஒரு வருஷத்தை இழப்பானானால், அது யார் குற்றம்?

இன்னொன்று. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், காலேஜ் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018லேயே அறிவித்துவிட்டது. அது தெரியாததால்தான் ஆபீஸ் வாசலில் கைகட்டி நிற்கிறோம்.

ஆகவே தோழர்களே, பணம் கட்டுமுன் விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். என்னென்ன பாடம், பதிவுக்குக் கடைசித் தேதி எது, வருகை எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் தெரிந்தவரைக் கொண்டு படிக்கச் சொல்லிக் கேளுங்கள். விதி தெரிந்தவன் கெஞ்சமாட்டான், கேட்பான்!